யூரியா சாக்கில் ஒரு பனிச்சறுக்கு

தமிழ்நாட்டில் ‘ஏழைகளின் ஊட்டி’ எத்தனை இருக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் புண்ணியமாகப் போகும். ஏற்காடு அந்தப் பட்டத்தை ரொம்ப காலமாக அனுபவித்து வருகிறது. ஏலகிரிக்காரர்களைக் கேட்டால் அது தங்களுக்குத்தான் சொந்தம் என்பார்கள். ஜவ்வாதுமலையும் வரிசையில் நிற்கிறது. எங்கள் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கும் கல்வராயன்மலைக்கும் கோடை வந்தால் அதே பட்டத்தைத் தூசி தட்டிச் சூட்டுவார்கள். பணக்காரர்களுக்கு ஒரே ஊட்டி, ஏழைகளுக்கு நான்கைந்து. நாட்டில் சமத்துவம் இன்னும் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அசல் ஊட்டிக்குப் போக இப்போது இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். கல்வராயன்மலைக்கு அப்படி ஒரு வரம்பு போட்டால், 6,000 வண்டியை எங்கிருந்து பிடித்து வருவது என்று அதிகாரிகள்தான் திண்டாடிப் போவார்கள்.

நான் சின்ன மலைக் கட்சி. பெரிய மலைக்குப் போனால் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒன்றை விட்டுவிட்டு வந்தாலும் ஊர் திரும்பியதும் விசாரணைக் கமிஷன் உட்காரும். ‘தொட்டபெட்டா போகலையா? அப்புறம் எதுக்கு ஊட்டிக்குப் போனீங்க?’ சின்ன மலையில் இந்தத் தொல்லை கிடையாது. பார்க்க வேண்டியதெல்லாம் காலை பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் மலையைப் பார்க்க வேண்டியதுதான்.

இந்தக் கட்சிக்குக் கனடாவில் கிளை இருப்பது என் மனைவியின் தம்பி மூலமாகத்தான் தெரிய வந்தது. டொராண்டோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் கணினி வேலை. போன புதிதில் குளிர்காலம் முழுக்க ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் கிடந்தவன், அப்புறம் யார் கெடுத்தார்களோ, பனிச்சறுக்குக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் படம் வரும். தலையில் கவசம், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, கழுத்து முதல் கால் வரை திணித்த உடுப்பு, மூக்கு மட்டும் வெளியே. “இது நம்ம புள்ளதானா?” என்று என் மாமியார் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். அடையாளத்துக்கு அந்த மூக்கே போதும். அது மாமனார் வழி.

“பெரிய ரிசார்ட்டுக்குப் போனா சம்பளத்த அப்படியே எடுத்து வச்சிட்டு வரணும் மாமா. நாங்க சின்னச் சின்ன ஊரா பாத்து கார்லயே ஒரு சுத்து போவோம். வாடகை பூட்ஸு, காகித டம்ளர்ல சூப்பு, ஊர்க்காரங்களே நடத்துவாங்க” என்றான். டொராண்டோ மாநகராட்சியே இரண்டு பனிச்சறுக்கு மேடுகளை நடத்துகிறதாம். அதில் ஒன்று, பழைய குப்பைக் கிடங்கின் மேல் மண் போட்டு எழுப்பியது. இதைக் கேட்டதிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துக் குப்பைமேடுகளை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பனி ஒன்றுதான் பாக்கி.

பனிச்சறுக்கின் தினசரி நடைமுறையையும் அவன் விளக்கினான். மேலே கொண்டுபோகும் தொங்கு நாற்காலிக்கு வரிசையில் நிற்க வேண்டும். கூட்ட நாளில் அரை மணி நேரம்கூட ஆகும். மேலே போனதும் சறுக்கிக்கொண்டு ஒன்றிரண்டு நிமிஷத்தில் கீழே வந்துவிடலாம். வந்ததும் மறுபடி வரிசை. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “திருப்பதியில அவ்ளோ நேரம் நின்னா லட்டாவது குடுப்பாங்களேடா” என்றாள்.

ஒண்டாரியோ மாகாணத்தில் பெரிய பனிச்சறுக்கு இடங்களில் ஒன்றின் பெயர் புளூ மவுண்டன். ‘மவுண்டன்’ என்றதும் நானும் இமயமலை அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருந்தேன். விசாரித்தால், உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் மொத்தமே சுமார் 720 அடி. அந்த உச்சியும் கடல் மட்டத்திலிருந்து 1,500 அடிக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் கல்வராயன்மலை 2,000 அடியிலிருந்து 3,000 அடி வரை. பரப்பு 1,095 சதுர கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் கௌரவமான உறுப்பினர்.

“மாப்ள, நீ சறுக்கறது மலையே இல்ல. அது மேடு.”

“உசரமா மாமா முக்கியம்? பனி விழணும்.”

“அங்க ஒழுங்கா விழுதா?”

“விழும். விழாதப்ப மெஷின் வச்சி அடிப்பாங்க.”

மெஷின் வைத்து வானத்தின் வேலையைச் செய்கிறவர்களோடு வாதம் செய்து பயனில்லை. அந்த மெஷினில் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோமுகி அணைக்குக் கிடைத்தால் எங்கள் விவசாயிகள் மார்ச் மாதத்தில் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இந்தியாவில் முறையாகப் பனியில் சறுக்க வேண்டுமென்றால் குல்மார்க் போக வேண்டும், இல்லாவிட்டால் உத்தராகண்டில் அவுலி. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு நம் நாடு அனுப்பியது ஒரே ஒரு வீரரை. குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான். ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆம் இடம். இத்தனை கோடிப் பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே சறுக்கிவிட்டு வந்தார். தமிழ்நாட்டுக்காரனுக்கு உறைபனி பார்க்கும் ஆசை வந்தால், டிசம்பர், ஜனவரியில் விடிவதற்குள் ஊட்டி தலைக்குந்தாவுக்குப் போய், புல்லின் மேல் படிந்திருப்பதைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். வெயில் வந்தால் அதுவும் போய்விடும். சறுக்குவதற்கு அது பத்தாது, எறும்புக்கு வேண்டுமானால் காணும்.

போன மார்கழியில், அரையாண்டு விடுமுறை சமயமாகப் பார்த்து, மைத்துனன் வந்து இறங்கினான். கனடாவில் செய்வதைப் போலவே இங்கேயும் சின்ன மலைகளாகப் பார்த்து ஒரு சுற்று போக வேண்டும் என்பது அவன் திட்டம். கல்வராயன்மலை ஏறி, கருமந்துறை வழியாக இறங்கி, ஏற்காடு, அப்படியே ஏலகிரி. கார் என்னுடையது, பெட்ரோல் அவனுடையது. இரு நாட்டு ஒப்பந்தங்களில் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை.

புறப்பட வேண்டிய விடியற்காலை ஐந்து மணிக்கு, மைனஸ் இருபது டிகிரியில் சறுக்கிய வீரன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அங்கே வெளியில்தான் குளிராம், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுமாம். “இங்க வெளியவும் உள்ளயும் ஒரே குளிரா இருக்கே மாமா, எங்க போயி ஒளியறது?” நியாயமான கேள்விதான். என் மாமியார் பதில் சொல்லாமல் அவன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதன் மேல் மங்கி குல்லாவை மாட்டிவிட்டார். அந்தக் கோலத்தில் அவன் எடுத்துக்கொண்ட படத்தை மிசிசாகா நண்பர்களுக்கு அனுப்பினானா என்று தெரியவில்லை. நான் அனுப்பச் சொன்னேன்.

வண்டியில் ஏறியவை: புளிசோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு குடம் தண்ணீர், வளைவில் வாந்தி வந்தால் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம், அதையும் மீறி வந்தால் பிளாஸ்டிக் பை. மனிதர்களுக்கு மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்தோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையை மார்கழியில் பார்க்க வேண்டும். அது கரும்பு அரவைக் காலம். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்று வட்டாரக் கரும்பெல்லாம் அதை நோக்கித்தான் நகர்கிறது. ‘நகர்கிறது’ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நடமாடும் கூரைவீடாக ஒரு டிராக்டர் முன்னால் போகும். இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் இரண்டடி கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். சாலையில் மீதி இருப்பது ஒரு சைக்கிளுக்கான இடம். அதிலும் ஒருவர் பால் கேனோடு எதிரே வருவார். டிரைவருக்குப் பின்னால் வருகிறவன் இருக்கிறான் என்பதே தெரியாது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஹாரன் அடித்தால் அது பாட்டோடு சேர்ந்து இன்னும் நன்றாக இருக்கும்.

மூடுபனி வேறு. முன்னால் போகிற டிராக்டரின் பின்விளக்கு எரிந்தால் அது புது டிராக்டர். மற்றவற்றில், தொங்குகிற கரும்புத் தோகை கண்ணாடியில் உரசும்போதுதான் வண்டி இருப்பதே தெரியும். பைக்கில் போகிற பையன்கள் மட்டும் இந்த நெரிசலில் நஷ்டப்படுவதில்லை. பக்கத்தில் போய் ஒரு கரும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். இதைத் திருட்டு என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

“கனடாவுல பனி பேஞ்சா முன்னால பனி வார்ற வண்டி போகும். அதை யாரும் முந்தக் கூடாது. பின்னாலயே பொறுமையா போகணும்” என்றான் மைத்துனன்.

“இங்க அதுக்குப் பேரு கரும்பு டிராக்டர். என்ன ஒண்ணு, அது எதையும் வாரிட்டுப் போகாது, போட்டுக்கிட்டுப் போகும்.”

கச்சிராயபாளையம் டீக்கடையில் வெல்லப்பாகு வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது. சர்க்கரை போடாமல் டீ கேட்ட என்னைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். ஆலைக்குப் பக்கத்தில் நின்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான்.

கோமுகி அணை 46 அடி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் என்பதால் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. கல்வராயன்மலையில் பெய்கிற மழை இறங்கி வந்து நிற்கிற முதல் இடம் இது. அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பனிச்சறுக்குப் பாதைகளுக்குக் குறி வைத்திருப்பார்களாம். பச்சை வட்டம் என்றால் கற்றுக்குட்டிகளுக்கு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் உயிர் மேல் ஆசை குறைந்தவர்களுக்கு. அந்தக் கணக்கில் நம் மலைகளை வகைப்படுத்தினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கு யோசிக்காமல் கறுப்பு வைரம் கொடுத்தோம். இருபது வளைவுள்ள ஏற்காடு நீலச் சதுரம். கல்வராயனுக்கும் நீலச் சதுரம்தான் கொடுப்பதாக இருந்தது. அதற்குள் எதிரே ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரி திரும்பியது.

இந்த மலையில் மார்கழி, தை கிழங்கு பிடுங்கும் காலம். கீழே கரும்பு ஆலைக்குப் போவதைப் போல, மேலேயிருந்து கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். வளைவில் லாரி முழுசாகத் திரும்பும் வரை நாங்கள் பள்ளத்தின் ஓரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றோம். லாரி டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் செல்போனையும் பிடித்தபடி, தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். உடனே மைத்துனன் கல்வராயனைக் கறுப்பு வைரத்துக்கு உயர்த்தினான்.

மேலே பெரியார் நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே இருக்கிறது. நடக்க வேண்டாம் என்பதால் கூட்டமும் அங்கேதான். மேகம் நீர்வீழ்ச்சிக்கு நடக்க வேண்டும், ஆகவே அது அமைதியாக இருக்கிறது. கரியாலூரில் பூங்காவும் படகுத் துறையும் உண்டு. மிதி படகில் ஏறிச் சுற்றிவிட்டு, இன்னொரு முறை சுற்றினாலும் அதே தண்ணீர்தான் என்று புரிந்து கரையேறினோம். கட்சிக் கொள்கைப்படி, பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளிமலைதான் மலையின் தலைநகரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன்மலையும் தாலுகா ஆனது. தலைமையிடம் இதுதான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் கம்பளி போர்த்தியிருந்த பெரியம்மா மைத்துனனின் குல்லாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்க வந்தீங்க சாமி?”

“சும்மா மலை பாக்க வந்தோம்மா.”

“மலையா? மலையில என்னா பாக்கறது?”

அவனிடம் பதில் இல்லை. கடுக்காய் பொறுக்கி, சாமை விதைத்து, கிழங்கு பிடுங்கி, பொழுதெல்லாம் இதன் மேலேயே ஏறி இறங்கிக்கொண்டிருப்பவருக்கு மலை வேடிக்கைப் பொருளாகத் தெரிய நியாயமில்லை. நான் சமாளித்து, “கீழ எல்லாம் தட்டையா இருக்குதும்மா, அதான்” என்றேன். அது அவருக்குச் சரியான காரணமாகப் பட்டது. “ஆமாமா, பாவம்” என்றார்.

அன்றிரவு மேலேயே தங்கினோம். இரவுக் குளிரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, குளிர்ந்தது.

மறுநாள் காலை கருமந்துறை சாலையில் போகும்போதுதான் அந்தக் காட்சி. சாமை அறுத்துவிட்ட ஒரு சரிவு. தாளும் புல்லும் பனியில் நனைந்து கிடந்தன. விடுமுறைக்கு உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு காலி யூரியா சாக்கோடு மேலே ஏறினார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்து, முன்முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, காலால் ஓர் உந்து. சர்ரென்று கீழே. வரிசை இல்லை, சீட்டு இல்லை, தொங்கு நாற்காலி இல்லை. ஏறுகிற வேலையும் அவர்களுடையதே.

“மாமா, வண்டிய நிறுத்துங்க” என்றான் மைத்துனன். குரலில் தொழில் தெரிந்தவனின் அதிகாரம் இருந்தது.

இறங்கிப் போய்ப் பிள்ளைகளுக்கு முதலில் பாடம் எடுத்தான். பனிச்சறுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பதாம். இரண்டு பலகையின் முனைகளையும் சேர்த்து முக்கோணமாக வைத்தால் வேகம் குறையும், அதற்குப் பெயர் ‘பீட்சா’. இரண்டையும் நேராக வைத்தால் பறக்கலாம், அதற்குப் பெயர் ‘பிரெஞ்ச் ஃப்ரைஸ்’. முட்டியை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காரிலிருந்தபடியே என் மனைவி, “அங்கயும் சோத்த வச்சித்தான் பாடமா?” என்றாள்.

கூட்டத்தில் ஒன்பது, பத்து வயதிருக்கும் பெண் ஒருத்தி தன் சாக்கை அவனிடம் நீட்டி, ஒரே வரியில் தன் பாடத்தைச் சொன்னாள். “காலத் தூக்கிக்கோ, குண்டிய அழுத்து, கத்தாத.”

அவன் மூன்றையும் செய்யவில்லை. உட்கார்ந்ததுமே முட்டியை மடக்கினான், உடம்பை முன்னால் சாய்த்தான், பார்வையைத் தூரத்தில் வைத்தான். சாக்கு அவனை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனது. பின்னாலேயே அவனும் போனான், சாக்கு இல்லாமல், பக்கவாட்டில், “பீட்சா! பீட்சா!” என்று கத்திக்கொண்டே. சரிவின் அடியில் இருந்த மரவள்ளித் தோட்டம் நல்லவேளையாக அவனை வாங்கிக்கொண்டது. கனடாவில் வாங்கிய ஜாக்கெட், சாமைத் தாளும் செம்மண்ணும் ஒட்டி இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. மலைப்பிள்ளைகளுக்கு விருந்தாளி விழுந்தால் சிரிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். நானும் என் மனைவியும் அப்படி வளர்க்கப்படவில்லை.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பெண்ணின் பின்னால் உட்கார்ந்து, கால் தூக்கி, அழுத்தி, கத்தாமல் சறுக்கினான். முழுசாகக் கீழே போய்ச் சேர்ந்தான். புளூ மவுண்டனில் ஒரு நாளைக்கு என்ன கட்டணம் என்று அங்கே அவன் சொன்ன தொகையை என் மனைவி மனக்கணக்காக யூரியா மூட்டைகளாக மாற்றிப் பார்த்து, ஏக்கர் கணக்கில் நெல்லுக்குப் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ‘ஆகா, இங்கே ஒரு சாகச விளையாட்டு மையம் அமைக்கலாமே’ என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். இந்த மலை பட்ட பாடு கொஞ்சமில்லை. ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. நாடு விடுதலை அடைந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கேட்பது சாலை, பேருந்து, ஆஸ்பத்திரி, நிலத்துக்குப் பட்டா. வெளியூர்க்காரர்கள் ஆசைப்படுவது ரிசார்ட், கண்ணாடிப் பாலம், ‘வியூ பாயின்ட்’. இரண்டில் எது முதலில் வர வேண்டும் என்று சொல்ல நிபுணர் குழு தேவையில்லை.

கருமந்துறை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் கன்றுகள் வாங்கினோம். இறங்கி வாழப்பாடி வந்து, குப்பனூர் பாதையில் ஏற்காடு ஏறினோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபி சாகுபடியைத் தொடங்கி வைத்தார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நின்றால், காபித் தோட்டத்தை விட பஜ்ஜிக் கடைகளின் பரப்பளவு கூடுதலோ என்று சந்தேகம் வருகிறது. மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது. ஏற்காட்டைப் பற்றி வேறு குறையும் இல்லை, நிறையும் இல்லை. அது பெரிய மலையாக ஆசைப்பட ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏலகிரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். யாருக்குத் தோன்றியதோ, அற்புதமான யோசனை. ஆனால் பயணத்தில் அதன் விளைவுகள் விசித்திரமாக இருக்கின்றன. திருவள்ளுவரில் மைத்துனனுக்குத் தலை சுற்றியது. கம்பரில் எலுமிச்சம்பழம் கேட்டான். ஔவையாரில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் பை அங்கேதான் பயன்பட்டது. தமிழ் இலக்கியத்தை அவன் இவ்வளவு ஆழமாக உணர்ந்தது அதுவே முதல் தடவை.

வள்ளல்களில் காரியின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஊர்ப் பாசம் பொங்கியது. மலையமான் திருமுடிக்காரி திருக்கோவலூரில் இருந்து ஆண்டவன். திருக்கோவிலூர் இப்போது எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம். அவனுடைய மலையமான் நாட்டுக்காரன் நான். கொல்லிமலையை ஆண்ட ஓரியும் இங்கே ஒரு வளைவாக இருக்கிறான். காரிதான் அந்த ஓரியைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். அந்தக் காரியின் கோவலூரை அழித்தவன் அதியமான். அதியமானும் இங்கே ஒரு வளைவு. ஒருவர் ஊரை ஒருவர் எரித்தவர்களை எல்லாம் நெடுஞ்சாலைத் துறை ஒரே மலைப்பாதையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டது. சங்க காலத்தில் எந்தப் புலவருடைய தூதும் சாதிக்காத சமாதானம் இது.

பேகன் வளைவு வந்தபோது மைத்துனனுக்கு வரலாறு சொன்னேன். குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குத் தன் போர்வையையே கொடுத்த வள்ளல். குளிர்கால உடுப்பு நன்கொடையில் தமிழர்களுக்கு அவரே முன்னோடி. உலகத்தில் வேறு எந்த இனம் ஒரு பறவைக்குக் கம்பளி கொடுத்திருக்கிறது என்று நான் பெருமையாக முடிப்பதற்குள், பின்சீட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “மயிலுக்குப் போர்வை குடுத்தவரு, பொண்டாட்டிய விட்டுட்டு வேற வீட்டுக்குப் போனவருதான? புலவருங்க எல்லாம் போயி கெஞ்சுனாங்களே?” தமிழாசிரியை மகளைக் கட்டியவன் வண்டி ஓட்டும்போது வாய் திறக்கக் கூடாது.

மைத்துனன் கனடா திரும்பியதும் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு சின்ன மேட்டில், பலகையை ஓரமாக வைத்துவிட்டு, சாக்கில் உட்கார்ந்திருக்கிறான். உரச்சாக்கு அங்கே எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பாசுமதி அரிசிச் சாக்காம். பாதுகாப்புக் காவலர் வந்து விசிலடித்து இறக்கிவிட்டாராம்.

கல்வராயன்மலைக்கு வருவதாக இருந்தால் மார்கழி, தையில் வாருங்கள். அருவியில் தண்ணீர் இருக்கும், வெயில் உறைக்காது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே டவர் கிடைக்கிற இடத்தைத் தேடுவதில் ஒரு நாள் போய்விடும். வெள்ளிமலையில் தேனும் கடுக்காயும் சாமையும் வாங்குங்கள், விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். கொண்டுபோன பாட்டில்களை, எந்த வகைப் பாட்டிலாக இருந்தாலும், அருவியில் போடாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள். தயவுசெய்து இந்த மலையை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது. கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு டிராக்டருக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.